குப்பிக்கும் கத்திக்கும் நடுவே: அசோகாரிஷ்டத்தை வாசித்தல்

மருந்துக் குப்பியின்மேல் ஒட்டியிருக்கும் தாளில் நாம் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மூடி, எத்தனை வேளை. நாவலையும் திரைப்படத்தையும் சேலை விளம்பரத்தையும் வரிவரியாகப் படித்துப் பெண்ணுடல் அங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பழகிய நாம், இந்தத் தாளை அப்படிப் படித்ததில்லை. பெண்ணுடலைப் பற்றி இந்த நாட்டில் மிக அதிகம் பேரிடம் போய்ச் சேரும் எழுத்துகளில் அதுவும் ஒன்று. கல்லூரி விடுதி அலமாரியிலும், அடுப்பங்கரை மாடத்திலும், மாமியாரின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலும் அது இருக்கிறது. அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு படிப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நான் எடுத்துக்கொள்வது அசோகாரிஷ்டம். மருந்துச் சீட்டு இல்லாமல் நாட்டு மருந்துக் கடையிலும் ஆங்கில மருந்துக் கடையிலும் கிடைப்பது. பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. தாள்களின் நிறம் மாறும், வாசகம் பெரிதாக மாறுவதில்லை. நான் சேர்த்து வைத்திருக்கும் தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை இவை: ‘கர்ப்பப்பையைப் பலப்படுத்தும்’, ‘மாதவிடாய்க் கோளாறுகளுக்கு’, ‘அதிக உதிரப்போக்கு, வெள்ளைப்படுதல், ஒழுங்கற்ற மாதவிடாய், இடுப்புவலி’, ‘பெண்களின் சகல நோய்களுக்கும்’, ‘முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவற்றது’. சிலவற்றில் தலைநிறையப் பூவைத்த ஒரு பெண்ணின் படம். அவள் எப்போதும் புன்னகைத்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்த வாசகங்களில் முதலில் கவனிக்க வேண்டியது, ஒன்றுக்கொன்று எதிரான நிலைமைகள் ஒரே வரியில் உட்கார்ந்திருப்பது. உதிரம் அதிகம் போனாலும் இதுதான் மருந்து. மாதக்கணக்கில் வராமலே இருந்தாலும் இதுதான் மருந்து. நார்க்கட்டியால் ரத்தம் கொட்டும் 44 வயதுப் பெண்ணும், சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலால் மூன்று மாதமாகத் தூரம் காணாத 19 வயது மாணவியும் ஒரே குப்பியைத் திறக்கிறார்கள். ஆணுக்கு நெஞ்சுவலி வேறு, நெஞ்செரிச்சல் வேறு, மூச்சிரைப்பு வேறு. ‘ஆண்களின் மார்புக் கோளாறுகள் அனைத்துக்கும்’ என்று ஒரு மருந்து வந்தால் சிரிப்போம். பெண்ணுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே உள்ள எல்லாமே ஒரே நோய். அதன் பெயர் பெண்ணாக இருப்பது.

இந்தச் சுருக்கம் பழைய நூலிலிருந்து வந்ததா என்று பார்த்தேன். அசோகாரிஷ்டத்தின் செய்முறை ‘பைஷஜ்ய ரத்னாவளி’யில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் சமஸ்கிருதத் தொகுப்பு அது. ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று தாள் சொல்லும் மருந்துக்கு, நூல் ஆதாரம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்கு உட்பட்டது. அசோக மரத்தைச் சரக சம்ஹிதையும் அறியும். ஆனால் அங்கே அது வலி தணிக்கும் பொருள்களின் பட்டியலில் வருகிறது. 11ஆம் நூற்றாண்டின் சக்கரதத்தர், அதன் பட்டையைப் பாலில் காய்ச்சிப் பெரும்போக்குக்குக் கொடுக்கச் சொல்கிறார். ரத்னாவளி இந்த அரிஷ்டத்தைப் பெண் நோய் இயலில் வைத்தாலும், அது தீர்க்கும் நோய்களாகப் பெரும்போக்கோடு காய்ச்சல், மூலம், பசியின்மை, வீக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. மாதவிடாய் வராமல் இருப்பதற்கு இது மருந்து என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அதாவது, பழைய வைத்தியர் ‘அதிகமாகப் போகும் ரத்தம்’ என்ற குறிப்பிட்ட நிலைக்குத் துவர்ப்புள்ள ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்தார். அதைப் ‘பெண்கள் டானிக்’ ஆக்கியது சந்தை. பாரம்பரியத்தின் பெயரால் நம்மிடம் விற்கப்படும் இந்தப் பொதுமைப்படுத்தல், அந்தப் பாரம்பரியத்துக்கே பொருந்தாதது.

அதேபோல் இதைப் ‘பாட்டி வைத்தியம்’ என்று அழைப்பதும் சரியில்லை. நம் ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள், உதிரப்போக்கைக் கண்டு கைமருந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள். அவர்கள் அறிவு ஏட்டில் ஏறவில்லை. அச்சுக்கும் போகவில்லை. பேறுகால அறைக்கு வெளியே அவர்களுக்கு மரியாதையும் இருந்ததில்லை. ஏட்டில் ஏறியது ஆண்கள் எழுதிய சமஸ்கிருத நூல். ஆலைக்குப் போனதும் அதுதான். குப்பித் தாளில் புன்னகைக்கும் பெண்ணுக்குப் பின்னால் இருப்பது மருத்துவச்சியின் கை என்று நினைத்து நாம் நெகிழ வேண்டியதில்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரசின் ஆயுர்வேத சூத்திரத் தொகுப்பு சொல்லும் கணக்குப்படி, 4.8 கிலோ அசோகப் பட்டையைச் சுமார் 49 லிட்டர் நீரில் போட்டு நான்கில் ஒரு பங்காகக் காய்ச்ச வேண்டும். அந்தக் கஷாயத்தில் பட்டையைப் போல இருமடங்கு, 9.6 கிலோ வெல்லம். நொதிப்பதற்குக் காட்டாத்திப் பூ. பிறகு சீரகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மரமஞ்சள், கடுக்காய், தான்றி, நெல்லி, மாங்கொட்டைப் பருப்பு, ஆடாதோடை, சந்தனம் போன்றவை சிறு அளவில். மூடி வைத்தால் வெல்லம் நொதித்து மது உண்டாகும். அந்த மதுதான் மருந்தைக் கெடாமல் காக்கிறது. முடிவில் 5 முதல் 10 சதவீதம் வரை மது இருக்கலாம். வழக்கமான அளவு, சாப்பாட்டுக்குப் பின் 12 முதல் 24 மில்லி, சம அளவு நீரோடு.

இந்தக் கணக்கை மிகைப்படுத்தக் கூடாது. ஒரு நாளில் இரண்டு வேளை 24 மில்லி குடித்தாலும் உடலுக்குள் போகும் மது 5 மில்லிக்கும் குறைவு. பெரும்பாலான பெண்களுக்கு அதனால் போதை வராது. ஆனால் கருவுற்றிருப்பவர்களுக்கு இவ்வளவு மது பாதுகாப்பானது என்று எந்த அளவையும் மருத்துவம் வகுக்கவில்லை. கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அது வேண்டாத பொருள். நீரிழிவு உள்ளவர்களுக்கு எஞ்சிய வெல்லம் ஒரு கேள்வி. இன்னொன்று அன்றாடம் நடக்கக்கூடியது. வெள்ளைப்படுதலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுப்பார்கள். அதை மதுவோடு சேர்க்கக் கூடாது என்பது அந்த மாத்திரைக்கான வழக்கமான எச்சரிக்கை. மருத்துவர் ‘குடிப்பீங்களா?’ என்று நம் பெண்களிடம் கேட்பதில்லை. கேட்டாலும், வீட்டில் அரிஷ்டம் குடிப்பவள் ‘ஐயோ, அதெல்லாம் இல்லைங்க’ என்றுதான் சொல்வாள். அவளைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. மது என்பது ஆண் குடிப்பது, டாஸ்மாக்கில் விற்பது. தன் கையில் இருப்பது மருந்து. தாளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ‘தானாக உண்டான ஆல்கஹால்’ என்ற வரியை அவளுக்கு யாரும் படித்துச் சொன்னதில்லை.

அடுத்த கேள்வி, பட்டை எந்த மரத்துப் பட்டை? தமிழ்நாட்டில் ‘அசோக மரம்’ என்றால் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி ஊசியாக நெடுநெடுவென்று நிற்கும் மரத்தைக் காட்டுவார்கள். அது நெட்டிலிங்கம். சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்து மரம் வேறு. புளியமரத்தின் உறவு, ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூப்பது, இளந்தளிர் செம்பு நிறத்தில் தொங்குவது. சங்கப் பாடல்களில் செயலை என்றும் பிண்டி என்றும் வருவது இந்த மரம்தான். சமணர்களின் அருகக் கடவுள் இதன் நிழலில்தான் அமர்ந்திருக்கிறார். பெயர் இடம் மாறியதால், பட்டையும் இடம் மாறுகிறது. நாட்டு மருந்துக் கடை ஒன்றில் நான் கேட்டபோது கடைக்காரர் இரண்டு விதப் பட்டையை எடுத்துக் காட்டி, ‘ரெண்டும் அசோகப் பட்டைதாம்மா, இது கொஞ்சம் விலை கம்மி’ என்றார். அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வந்து சேர்ந்த மூட்டையின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது.

இது ஒரு கடையின் கதை இல்லை. மூலிகைச் சந்தைகளில் அசோகப் பட்டை என்று விற்கப்பட்ட மாதிரிகளை மரபணுக் குறியீட்டால் பரிசோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை அசோகமே இல்லை என்று கண்டது. காரணம் எளிது. மரம் மெதுவாக வளர்கிறது. பட்டையை உரித்தால் பெரும்பாலும் பட்டுப்போகிறது. தேவையோ நாடு முழுவதும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மரத்தை அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆக, ‘எங்க அம்மாவுக்குக் கேட்டுது’ என்று ஒருத்தி சொல்லும்போது, அவள் அம்மா குடித்ததும் இவள் குடிப்பதும் ஒரே மரமா என்பதே உறுதியில்லை. அனுபவம் என்ற சான்றுக்கு அடியில் இருக்கும் தரை அவ்வளவு நெகிழ்ந்திருக்கிறது.

இந்த மரத்தைச் சுற்றி நம் இலக்கியம் கட்டியிருப்பதையும் இங்கே நினைக்கலாம். சோகத்தை நீக்குவது அசோகம். பெண்ணின் பாதம் பட்டால்தான் அது பூக்கும் என்பது வடமொழிக் கவி மரபு. காளிதாசனின் ‘மாளவிகாக்னிமித்திரம்’ நாடகத்தில் மாளவிகையை வைத்து அந்தச் சடங்கு நடக்கிறது, அரசன் மறைந்திருந்து பார்க்கிறான். சீதை சிறையிருந்ததும் அசோகவனம். வால்மீகியில் அவள் உட்கார்ந்திருந்த மரம் சிம்சுபா என்றாலும் வனத்தின் பெயர்தான் நிலைத்தது. மரம் பூப்பதற்குப் பெண் வேண்டும், பெண் ‘பூப்பதற்கு’ மரம் வேண்டும். இரண்டிலும் பெண்ணின் உடல் ஒரு பலனை விளைவிப்பதற்கான கருவி. குப்பியின் ‘கர்ப்பப்பையைப் பலப்படுத்தும்’ என்ற வரியும் அந்த வரிசையில் வருவதுதான். பலப்பட வேண்டியது அவள் இல்லை, அவளுக்குள் இருக்கும் பை.

மருந்து வேலை செய்கிறதா? அசோகப் பட்டையில் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. கருப்பைத் தசையின்மேல் அதன் சாறு என்ன செய்கிறது என்று ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பார்த்திருக்கிறார்கள். அவை ஆர்வமூட்டும் தொடக்கங்கள். ஆனால், அதிக உதிரப்போக்குக்குத் திட்டவட்டமான மருந்து என்று சொல்லத் தேவைப்படுவது, பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட, போதுமான எண்ணிக்கை கொண்ட ஆய்வு. ஒரு மருந்து எல்லார் வீட்டிலும் இருப்பதற்குச் சமமான அளவில் அப்படிப்பட்ட சான்று சேரவில்லை. சட்டமும் கேட்கவில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்களில் ஒரு மருந்தின் செய்முறை இருந்தால், அதே பயனுக்காக விற்க உரிமம் கேட்கும்போது புதிய பாதுகாப்பு ஆய்வு எதையும் காட்ட வேண்டியதில்லை. ‘பைஷஜ்ய ரத்னாவளி’ அந்தப் பட்டியலில் இருக்கிறது. நூலில் இருப்பதே சான்று.

இன்னொரு சட்டமும் உண்டு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு சில நோக்கங்களுக்கான மருந்து விளம்பரங்களைத் தடைசெய்கிறது. கருக்கலைப்பு, கருத்தடை, பாலின்ப ஆற்றல் ஆகியவற்றோடு ‘பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்தல்’ அங்கே தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. எழுபது ஆண்டுகளாக இந்த வரி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்குத்தான் ‘டானிக்’, ‘ஆரோக்கியம்’, ‘சமநிலை’ போன்ற சொற்கள் பயன்படுகின்றன. நோய் என்று சொல்லாமல் நோயைத் தொடும் மொழி அது. அந்த மங்கலான மொழியின் விலையைக் கொடுப்பவள், தனக்கு என்ன என்று பெயர் சொல்லத் தெரியாத பெண்.

என் பெரியம்மா அப்படித்தான் கொடுத்தார். 46 வயதில் மாதத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாள் போனது. ‘நிக்கிற நேரம், அப்படித்தான் போகும்’ என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இரண்டு ஆண்டு அரிஷ்டம் குடித்தார். மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்தபோது அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஹீமோகுளோபின் 6. உள்ளே கருப்பைக் குழியை நோக்கி வளர்ந்த நார்க்கட்டி. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அரிஷ்டம் அவருக்கு நஞ்சாகவில்லை. அது செய்த கேடு வேறு: ஏதோ வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பை அவருக்கும் எங்கள் வீட்டு ஆண்களுக்கும் இரண்டு ஆண்டு கொடுத்தது. பெரியப்பா ஒவ்வொரு மாதமும் தவறாமல் குப்பி வாங்கிவந்தார். ஒருமுறைகூட ‘வா, டாக்டர்கிட்ட போலாம்’ என்று சொன்னதில்லை. குப்பி அந்தப் பேச்சுக்கான தேவையை நீக்கியிருந்தது.

பெரும்போக்கு என்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறி. அதற்குப் பின்னால் நார்க்கட்டி, சதை வளர்ச்சி, கருப்பைத் தசைக்குள் உட்சவ்வு ஊடுருவுதல், தைராய்டு குறைபாடு, ரத்தம் உறையாத பிறவிக் கோளாறு, காப்பர் டி, புற்றுநோய் என எதுவும் இருக்கலாம். பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011இல் இவற்றை ஒன்பது வகையாகப் பிரித்துக் கொடுத்தது. மாதம் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு: ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மணிக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருப்பது, நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், இரவில் எழுந்து மாற்றுவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவை. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி பட்டாலும், உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், கருவுற்றிருக்கலாம் என்ற நிலையில் ரத்தம் போனாலும், எந்த அரிஷ்டத்துக்கும் அங்கே இடமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழகப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. இப்படிப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்தில் ‘கொஞ்ச நாள் குடித்துப் பார்’ என்பது சின்ன ஆலோசனை இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு பதில் வரும்: ‘டாக்டர்கிட்ட போனா கர்ப்பப்பையை எடுக்கச் சொல்றாங்க.’ இந்தப் பயம் கற்பனை இல்லை. அதே ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மூன்று சதவீதத்துக்கு மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. பெரும்பகுதி அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிடாயால் கூலி இழக்காமல் இருக்க இளவயதிலேயே கருப்பையை எடுத்த செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு பெண்ணின் முன் இருப்பவை இரண்டு: குப்பி அல்லது கத்தி. ஒன்று ‘உனக்கு ஒன்றுமில்லை, இதைக் குடி’ என்கிறது. மற்றது ‘உனக்கு இது இனித் தேவையில்லை, எடுத்துவிடு’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய இடம் இருக்கிறது. உட்கார வைத்துக் கேட்பது, பரிசோதிப்பது, காரணத்துக்குப் பெயர் சொல்வது, இரும்புச்சத்து கொடுப்பது, ரத்தப்போக்கைப் பாதியளவு வரை குறைக்கக்கூடிய டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் வளையம், கட்டியை மட்டும் அகற்றுதல் போன்ற வழிகளை விளக்குவது, பிறகு அவளே தேர்ந்தெடுக்க விடுவது. நம் பெண்களுக்கு மறுக்கப்படுவது இந்த நடு இடம்தான். பாரம்பரியமா நவீனமா என்ற பட்டிமன்றம் இந்த மறுப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

‘பக்கவிளைவற்றது’ என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருப்பதைக் கண்டது. உலோகம் சேர்த்துச் செய்யும் ரச மருந்துகளில் இது அதிகம். மூலிகை மட்டும் கொண்டவை எனப்பட்டவற்றிலும் ஆறில் ஒன்றில் இருந்தது. 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நச்சு ஏறியிருந்தது பதிவானது. அசோகாரிஷ்டத்தின் செய்முறையில் உலோகம் கிடையாது. இதை வைத்து எல்லாக் குப்பியையும் உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் ‘இயற்கை’ என்ற சொல் பரிசோதனைச் சான்றிதழுக்கு ஈடாகாது.

இவ்வளவும் சொன்னபின், மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று முகஞ்சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். இந்தியப் பெண்கள் இயக்கம் மருத்துவமனையை நோக்கிக் கேள்வி கேட்டுத்தான் வளர்ந்தது. கர்ப்பத்தைச் சோதிக்கக் கொடுத்த அதிக அளவு ஹார்மோன் மருந்துகளை எதிர்த்து 1980களில் போராடியது. நெட்-என் ஊசிச் சோதனையில் பெண்களின் முழு ஒப்புதல் பெறவில்லை என்று ஸ்த்ரீ சக்தி சங்கடனா 1986இல் உச்ச நீதிமன்றம் போனது. அதே இயக்கத்திலிருந்து ஷோதினி என்ற குழு, ஊர்ப்புறத்துப் பெண் வைத்தியர்களிடம் போய் உட்கார்ந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி, நூல்களோடு ஒப்பிட்டு, தங்கள் உடல்களைத் தாங்களே பரிசோதிக்கக் கற்று, பயன் எது, கேடு எது என்று பிரித்துப் பார்த்தது. அந்த வேலை 1997இல் காளி ஃபார் விமன் பதிப்பகத்திலிருந்து ‘டச் மீ, டச்-மீ-நாட்’ என்ற ஆங்கில நூலாக வந்தது. மூலிகை அறிவை மதிப்பது என்றால் இதுதான். மதிப்பதும் சோதிப்பதும் அங்கே ஒரே செயல்.

ஊசியிடம் கேட்ட கேள்வியை அரிஷ்டத்திடம் கேட்கக் கூடாது என்று ஒரு பெண்ணியம் இருக்க முடியாது. அது நம் மரபு என்பதால் கேள்விக்கு விலக்கு என்றால், வீட்டுக்குள் நடப்பதெல்லாம் மரபு என்று சொல்லி நம் வாயை அடைத்தவர்களின் வாதத்தையே நாம் ஏற்கிறோம்.

குப்பித் தாள் மாற வேண்டும். உள்ளே இருக்கும் பட்டை எந்த மரத்தினுடையது என்று எப்படி உறுதிசெய்யப்பட்டது, மது எத்தனை சதவீதம், கருவுற்றவர்களும் கல்லீரல் நோயாளிகளும் நீரிழிவு உள்ளவர்களும் என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறி இருந்தால் குடிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பவை பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். ‘சகல நோய்களுக்கும்’ போக வேண்டும். ஆயுர்வேத, சித்த மருத்துவமனைகளுக்கு வரும் பெண்ணுக்கும் முதல் நாளே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், தேவையானால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். மகளிர் மருத்துவர் ‘எடுத்துடலாம்மா’ என்பதற்கு முன் மற்ற வழிகளைச் சொல்ல வேண்டும், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று திட்டாமல் கேட்க வேண்டும். திட்டினால் அடுத்தமுறை அவள் சொல்ல மாட்டாள்.

அதுவரை, குப்பியை வைத்திருக்கும் பெண்ணிடம் அதைப் பிடுங்க வேண்டாம். எத்தனை நாளாகப் போகிறது, கட்டியாக வருகிறதா, எப்போதிலிருந்து என்று கேட்போம். அவள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.